சீனாவின் புதிய கட்டடங்களை எப்படிப் பார்ப்பது

கட்டடங்களின் சுமையைக் கணக்குப் போடுவது என் தொழில். அதனால் சீனா போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: படம் எடுக்கும் முன், இந்த உருவம் ஏன் இப்படி இருக்கிறது என்று யோசியுங்கள். பொறியியல் படிக்காதவர்களுக்கும் கண்ணிலேயே விடை கிடைக்கும்.

ஷாங்காயில் மெட்ரோ 2ஆம் தடத்தில் நான்ஜிங் கிழக்குச் சாலை நிலையத்தில் இறங்கி, பண்ட் எனப்படும் ஆற்றங்கரைக்கு நடந்து போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும். விளக்கு போட்ட பிறகு நிறம்தான் கண்ணில் நிற்கும், வடிவம் பிடிபடாது. எதிர்க்கரையில் நெருங்கி நிற்கும் மூன்று கோபுரங்களை வயது வரிசையில் பாருங்கள். 1999இல் திறந்த ஜின் மாவ், பகோடா என்னும் பல அடுக்கு பௌத்தக் கோபுரம் போல அடுக்கடுக்காகக் குறுகும். 2008இல் முடிந்த உலக நிதி மையத்தின் உச்சியில் ஒரு பெரிய திறப்பு. காற்று அதன் வழியே போய்விடும். மூன்றாவது, 2015இல் முடிந்த 632 மீட்டர் ஷாங்காய் டவர். அதன் மேல் ஒரு நீண்ட பள்ளம் சுழன்றபடி ஏறுவதைக் கீழிருந்து உச்சி வரை கண்ணால் தொடருங்கள். நேரான கோபுரத்தில் காற்றுச் சுழல்கள் மேலும் கீழும் ஒரே தாளத்தில் பிரிந்து அதை ஆட்டும். இந்த முறுக்கு அந்தத் தாளத்தைக் கலைக்கிறது. காற்றுச் சுமை 24 சதவீதம் குறைந்தது இப்படித்தான். எனக்கு இதைவிட அழகான அலங்காரம் தெரியாது.

அப்புறம் பெய்ஜிங். 10ஆம் தடத்தின் ஜின்டாய் சிஜாவ் நிலையத்துக்குப் பக்கத்தில் மத்திய தொலைக்காட்சித் தலைமையகம், டச்சுக் கட்டடக்கலைஞர் ரெம் கூல்ஹாஸின் ஓஎம்ஏ நிறுவனம் வடிவமைத்தது. சாய்ந்த இரு கோபுரங்கள் உச்சியில் கைகோத்து, அந்தரத்தில் வளைந்து நிற்கின்றன. முகப்பில் ஓடும் சாய்வுக் கோடுகளைக் கவனியுங்கள்: சுமை அதிகமான இடத்தில் நெருக்கம், குறைவான இடத்தில் இடைவெளி. கட்டடத்தின் கணக்கு அப்படியே வெளியே தெரிகிறது! 2007 டிசம்பரில் இரு பக்கத்தையும் இணைக்க விடியும் முன்பான நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வெயில் ஏறினால் ஒரு பக்க எஃகு மட்டும் அதிகமாக விரிந்துவிடும்.

உயரம் சலித்துவிட்டால் ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் நிங்போ போகலாம். அங்கே வாங் ஷூவும் லூ வென்யூவும் வடிவமைத்த அருங்காட்சியகத்தின் சுவருக்குப் பக்கத்திலேயே போய் நில்லுங்கள். நகரம் வளர்வதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் செங்கல்லும் ஓடும் அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கான்கிரீட் பகுதியில் மூங்கில் அச்சுகளின் தடம் தெரியும். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.