இருக்கை அடுக்கை விரிப்பது எப்படி: டார்ச் முதலில், பட்டன் கடைசியில்

எங்கள் அரங்கில் காலையில் பூப்பந்து, மாலையில் நாடகம். நடுவே கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில், பின்சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு அடுக்கு 12 வரிசை இருக்கைகளாக விரிந்தாக வேண்டும். 11 வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பட்டன் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, தரையில் குனிந்து பார்க்கச் சொல்வேன்.

அடுக்கு எப்படி நகர்கிறது என்பது மனதில் படமாக இருந்தால் மற்றது எல்லாம் சுலபம். ஒவ்வொரு வரிசையும் தனிக் கால்களில் நிற்கும் ஒரு தட்டு. கால்களுக்கு அடியில் சக்கரங்கள். கீழ்த்தட்டு மேல்தட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் உயரமான கடைசி வரிசை சுவரோடு போல்ட் போட்டு நிற்கிறது, அது நகராது. மோட்டார் இருப்பது முன்வரிசைக்கு அடியில். அதன் ரப்பர் சக்கரங்கள் தரையைப் பிடித்து முன்வரிசையை இழுக்கும். அது முழுதாக வெளியே வந்ததும் கொக்கி மாட்டி, அடுத்த வரிசையும் கூடவே கிளம்பும். மடக்கும்போது முன்வரிசை உள்ளே போய்த் தள்ளினால்தான் அடுத்ததின் பூட்டு விடும். எங்களுடையதில் ஒரு வரிசையின் ஆழம் 85 சென்டிமீட்டர், படிக்குப் படி உயரம் 25 சென்டிமீட்டர். விரிந்தால் 10 மீட்டருக்குச் சற்று மேல் வரும். மடங்கினால் ஒன்றரை மீட்டர்கூட இருக்காது.

இவ்வளவு எடையும் தண்டவாளம் இல்லாமல் வெறும் தரைமேல் உருளுகிறது. அதனால் தரைதான் பாதி இயந்திரம்.

அடுக்கு வரப்போகும் இடம் முழுவதையும் நடந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் போதாது. டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால், சின்னப் பொருளுக்கும் நீளமாக நிழல் விழும். ஹேர்பின், பேனா மூடி, பந்தின் உடைந்த இறகுத் தண்டு, ஒட்டியிருக்கும் டேப் துண்டு என்று தினமும் ஏதாவது கிடைக்கும். ஈரமும் ஆகாது. ஈரத்துணி போட்டுத் துடைத்த தரையில் மோட்டார் சக்கரம் வழுக்கும். ஒரு பக்கம் வழுக்கி மறு பக்கம் பிடித்தால் அடுக்கு கோணலாகத் திரும்பும். துடைப்பதாக இருந்தால் முன்கூட்டியே துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பாலிஷ் போடுகிறவர்களிடமும் சக்கரம் ஓடும் பாதையைக் காட்டிச் சொல்லி வையுங்கள்.

கோணலாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு மூன்றாவது வருடத்தில் புரிந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவர் பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஆறாவது வரிசை கிளம்பும்போது இடது பக்கம் கொஞ்சம் பின்தங்கியது. கண்ணுக்குத் தெரிந்தது, ஆனாலும் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. இன்னும் ஒரு மீட்டர் போனதும் இரும்பு முனகுகிற சத்தம் கேட்டது. நிறுத்திப் பார்த்தால், சக்கரத்துக்கு முன்னால் ஒரு வாஷர். நாலணா அளவு வட்டம், அவ்வளவுதான். அது ஒரு காலை வளைத்துவிட்டது. அன்று ஆறு வரிசையை விரிக்க முடியவில்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்களில் பாதிப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், பின்னால் இருந்த குழந்தைகளுக்கு மேடை தெரியவே இல்லை. அந்தக் குழந்தைகளின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்கு அப்புறம்தான் தரையில் இரண்டு பக்கமும் கோடு போட்டேன். மீட்டருக்கு ஒன்றாக, மங்கலான சிறு கோடுகள். அடுக்கு வெளியே வரும்போது ஒரு பக்கம் நான், மறு பக்கம் உதவியாள். ஒவ்வொரு கோட்டைத் தொடும்போதும் "ஒண்ணு", "ரெண்டு" என்று குரல் கொடுப்போம். இரண்டு குரலும் சேர்ந்து வந்தால் சரி. ஒன்று பின்தங்கினால் நிறுத்தி அளப்போம். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முன்னால் போகாதீர்கள். கொஞ்சம் உள்ளே மடக்கி, நேராக்கி, மறுபடி எடுங்கள். பலமாகத் தள்ளி நேராக்கப் பார்த்தால் கால் வளையும்.

இப்போது பட்டன். வயரில் தொங்கும் கைப்பெட்டியில் இருப்பது அழுத்திக்கொண்டே இருந்தால் மட்டும் ஓடும் பட்டன். விரலை எடுத்தால் நின்றுவிடும். அதை டேப் போட்டு ஒட்டியோ, குச்சி சொருகியோ ஓட விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அடுக்குக்குள் யாராவது இருந்தால் அவரைக் காப்பாற்றுவது அந்த விரல் மட்டுமே. கிளப்புவதற்கு முன் சிவப்பு அவசர நிறுத்தத்தை ஒரு தடவை அழுத்தி, வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு உரக்கக் குரல் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையும் பூட்டிக்கொள்ளும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். எங்களுக்கு 11 "டக்". பத்தோடு நின்றால் எந்த வரிசை பூட்டவில்லை என்று தேடிக் கண்டுபிடிக்கும்வரை யாரையும் ஏற விடுவதில்லை.

விரித்த பிறகு நாற்காலிகளை நிமிர்த்த வேண்டும். ஒவ்வொன்றாகக் கையால் நிமிர்த்தும் வகை உண்டு. ஓரத்தில் நெம்பினால் வரிசை முழுக்க எழும் வகையும், மோட்டாரே நிமிர்த்தும் வகையும் உண்டு. புதிதாக வாங்கப் போகிறவர்கள் என்னைக் கேட்டால் நடு வகையைச் சொல்வேன். ஆள் பலமும் அதிகம் வேண்டாம், பழுதாகும் மோட்டாரும் குறைவு. அப்புறம் நடைவழியின் அரைப்படிகள், பக்கக் கைப்பிடிகள், படி விளக்கின் இணைப்பு, பக்கவாட்டை மூடும் பலகைகள். பலகையை விட்டுவிட்டால் குழந்தைகள் அடியில் புகுந்துவிடுவார்கள்.

கடைசியாக நான் ஒவ்வொரு வரிசையிலும் ஏறி நின்று, இடமும் வலமுமாக உடம்பை ஆட்டிப் பார்ப்பேன். கூட்டம் சும்மா உட்காராது. பாட்டுக்கு ஏற்ப ஒன்றாக அசையும், கோல் விழுந்தால் ஒன்றாக எழும். அமெரிக்கக் கட்டுமான விதிகள் இப்படிப்பட்ட அடுக்குகளுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.8 கிலோநியூட்டன் (சுமார் 490 கிலோ எடை) கீழ்நோக்கிய சுமையைக் கணக்கில் வைக்கச் சொல்கின்றன. அதோடு, வரிசையின் நீளத்தில் மீட்டருக்கு 350 நியூட்டன் (சுமார் 36 கிலோ எடைக்குச் சமமான) பக்கவாட்டு விசையும் சேரும். ஐரோப்பாவில் விரிந்து மடங்கும் அடுக்குகளுக்கென்றே இஎன் 13200-5 என்ற தரநிலை இருக்கிறது. வாங்கும்போது எந்த விதிப்படி கட்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விரித்த நிலையில் எந்த வெளியேறும் கதவும் மறையக் கூடாது. மடக்கிய நிலையின் வழிகள் வேறு, விரித்த நிலையின் வழிகள் வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் சுவரில் மாட்டியிருக்கட்டும்.

மடக்கும்போது ஒரு வேலை கூடுதல். இருக்கைகளில் விட்டுப்போன பாட்டில், பை, குடை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். மடித்த நாற்காலிக்குக் கீழே ஒரு பாட்டில் சிக்கியிருந்தால் முதுகுப்பலகை அந்த அளவு தூக்கி நிற்கும், மேல்தட்டு வந்து அதை நசுக்கிவிடும். நான் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாகக் கையை ஓட்டிக்கொண்டே இறங்குவேன். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது.

அடியில் சேரும் குப்பையைப் பற்றி கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு கால்பந்து மைதானத்தில், மரப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் மாடம் முழுக்க எரிந்து 56 பேர் இறந்தார்கள். நம் அடுக்கு இரும்புதான், ஆனால் நாற்காலித் துணியும் பஞ்சும் எரியும். ஒவ்வொரு தடவை விரித்த பிறகும் பக்கப் பலகையைப் போடுவதற்கு முன் உள்ளே தவழ்ந்து போய் பாப்கார்ன் உறை, டிக்கெட் துண்டு எல்லாவற்றையும் வாரி எடுத்து விடுகிறோம். மோட்டார் வயர் தரையில் உரசுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மாதம் ஒரு முறை போல்ட், சங்கிலி, சக்கரம், பிரேக். நிகழ்ச்சி இல்லாத மாதத்திலும் ஒரு தடவை முழுக்க விரித்து மடக்குங்கள். ஹவாயின் அலோஹா மைதானத்தில் 1975 முதல் காற்று மெத்தையில் மிதந்து நகர்ந்த பார்வையாளர் பகுதிகளை, பராமரிப்பும் செலவும் கட்டுப்படியாகாமல், 2007-இல் ஒரே நிலையில் பூட்டிவிட்டார்கள். நகராத பொருளை மறுபடி நகர்த்துவது பெரும்பாடு.

ஒலி பார்க்கிறவருக்கு ஒரு வார்த்தை: துணி இருக்கைகள் விரிந்திருக்கும்போது சத்தத்தை உறிஞ்சும். மடங்கிய பிறகு அதே அரங்கம் எதிரொலிக்கும். இரண்டு நிலைக்கும் தனித்தனி ஒலி அமைப்பைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, கைப்பெட்டியைக் கழற்றிப் பூட்டி வைப்பேன். பதிவேட்டில் தேதி, எத்தனை "டக்", எந்தக் கோட்டில் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதுவேன். நேற்றைய பதிவில் நாலாவது கோட்டில் வலது பக்கம் ஒரு விரல் பின்தங்கியிருக்கிறது. நாளை காலை பூப்பந்துக்காரர்கள் வருவதற்கு முன் அந்தச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.