100 கிலோவுக்கு மேல் எடையா? பழைய டிரெயில் பைக் (காட்டுப்பாதை, மண்பாதையில் ஓட்டும் பைக்) வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேடலை சிசியில் தொடங்குவதுதான் முதல் தவறு. உடம்பு கனம், அதனால் 450 சிசி வேண்டும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினே 110 கிலோ ஆளைக் காட்டுப்பாதையில் இழுத்துப் போய்விடும். முதலில் கைவிடுவது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்தான். பெரும்பாலான டிரெயில் பைக்குகளில் வரும் ஸ்பிரிங் ஏறக்குறைய 75 கிலோ ஆளுக்கானது. ஹெல்மெட், பூட்ஸ், கவசம், தண்ணீர்ப் பை சேர்ந்தால் இன்னும் 10 கிலோ ஏறும். உங்கள் எடையை அவற்றோடு சேர்த்தே பாருங்கள்.

ஸ்பிரிங் தாங்குமா என்பதை, வாங்கப் போகும் இடத்திலேயே டேப் வைத்து அளந்துவிடலாம். பின்சக்கரம் தரையில் படாதபடி பைக்கை உயர்த்தி, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இறக்கி, ஆள் ஏறாமல் நேராக நிறுத்தி அளந்தால் 565 வர வேண்டும். சொந்த எடையில் 35 மி.மீ. அமுங்கியிருக்கிறது. பிறகு முழுக் கவசத்தோடு ஏறி உட்காருங்கள், இன்னொருவர் அளக்கட்டும். சக்கரம் 300 மி.மீ. மேலும் கீழும் போகும் பைக்கில் 500 வருவது சரி, அதாவது 100 மி.மீ. அமுக்கம். கனமான ஆள் ஏறும்போது இது 140ஐத் தாண்டினால் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரத்தில் பாரம் குறையும். வளைவில் முன்சக்கரம் வெளியே ஓடும், ஏற்றத்தில் மேலே எழும்பும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விற்பவர் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டை முறுக்கி, "இப்போ 100தான் இருக்கு பாருங்க" என்பார். உடனே இறங்கி, ஆள் இல்லாமல் மறுபடி அளந்து பாருங்கள். 35 இருந்த இடத்தில் 10தான் இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் போதாது. நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது, அமுங்கத் தொடங்கும் இடம்தான் மாறும். குழியில் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது, பெரிய மேட்டில் அப்போதும் அடிவரை முட்டும். கடினமான ஸ்பிரிங் போட்டால் அதற்கேற்ப ரீபவுண்டையும் (அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைத் தடுக்கும் அமைப்பு) கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்புறம் தூக்கி எறியும். அதனால் அந்த மாடலுக்குக் கடினமான ஸ்பிரிங் கிடைக்கிறதா, ஷாக்கைப் பிரித்து வேலை செய்ய முடியுமா என்று முதலிலேயே விசாரியுங்கள். சிறிய ரக பைக்குகள் சிலவற்றின் ஷாக்கைப் பிரிக்கவே முடியாது.

கால் எட்டுகிறதே என்று மகிழ்ந்து வாங்குவதும் இதோடு சேர்ந்த தவறுதான். தளர்ந்த ஸ்பிரிங்கில் பைக் அமுங்குவதால்தான் கால் எட்டுகிறது. சரியான ஸ்பிரிங் போட்டதும் சீட் நாலைந்து சென்டிமீட்டர் உயரும்.

இன்ஜின் விஷயத்தில், மோட்டோகிராஸ் பந்தய பைக்கை டிரெயிலுக்கு வாங்காதீர்கள். ஆயில் கொள்ளளவு குறைவு, அடிக்கடி மாற்ற வேண்டும். வால்வு, பிஸ்டன் கணக்கை ஓடிய மணிநேரத்தில் வைக்க வேண்டும். மெதுவாகப் பாறை ஏறும்போது சட்டென்று அணைந்துபோகும். பாரமான ஆளுக்கு வேண்டியது குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவை. 400 சிசி டிரெயில் வகையில் அது தாராளம். ஆனால் ஹோண்டா எக்ஸ்ஆர்400ஆர், எக்ஸ்ஆர்650ஆர் இரண்டிலும் கிக்கர் மட்டும்தான். சரிவில் பைக் அணைந்தால், ஒரு காலில் நின்று உதைத்துப் பாருங்கள், சிரமம் புரியும். சுசுகி டிஆர்-இசட்400எஸ்ஸில் செல்ஃப் உண்டு.

ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பதற்கு முன் சேஸிஸைப் பாருங்கள். முந்தைய உரிமையாளரும் கனமானவர் என்றால் அடையாளம் இருக்கும்: கீழ்நோக்கி வளைந்த ஃபுட்ரெஸ்ட், அதன் பிராக்கெட் வெல்டிங்கில் முடி போன்ற விரிசல், சீட்டைத் தாங்கும் பின்சட்டமான சப்ஃபிரேம் கோணியிருப்பது. பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, அதைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 'டக்' என்று கையில் உணர்ந்தீர்களா? பின்சக்கரத்தையும் ஷாக்கையும் இணைக்கும் லிங்கேஜின் பேரிங் போய்விட்டது. கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்), வீல் பேரிங், ஸ்போக் இறுக்கம் எல்லாம் வழக்கம்போலப் பாருங்கள்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். தொட்டால் சூடாக இருந்தால், ஸ்டார்டிங் தொல்லையை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் விரல் விட்டுத் துடையுங்கள். விரலில் மணல் ஒட்டினால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள், அந்த மண் சிலிண்டர் வரை போயிருக்கும்.

ஓட்டிப் பார்ப்பது நீங்களாக இருக்கட்டும். ஒல்லியான ஆள் ஓட்டினால் வழுக்காத கிளட்ச், உங்கள் எடையில் வழுக்கும். நாலாவது கியரில் மெதுவாகப் போய்த் திடீரென முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் பிளேட் செலவு இருக்கிறது. ஏற்றத்தில் இழுவை மட்டும் சற்றுக் குறைவு என்றால் பைக்கை ஒதுக்க வேண்டாம். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன் 13, பின் 48 பல் உள்ளதில் முன்னதை 12 ஆக்கினாலே, பின்னால் 52 பல் போட்டதற்குச் சமம்.

"ஸ்பிரிங் மாத்தியாச்சு" என்று விற்பவர் சொன்னால், ஷாக் ஸ்பிரிங்கில் பொறித்திருக்கும், அதன் கடினத்தைக் காட்டும் எண்ணைக் கேளுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங் குழாய்க்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் மட்டும் கடினமாக்கி முன்னால் பழையதையே விட்டிருந்தால், பிரேக் பிடித்ததும் முன்புறம் குப்புற அமுங்கும். முன்னாலும் டேப் வைத்து அளந்த பிறகே பேச்சை முடியுங்கள்.