ஃப்ளோட்டேஷன் செல் ரவுண்ட்ஸ் போறப்ப எதெல்லாம் பாக்கணும்

ஷிப்ட் ஏறுனதும் கண்ட்ரோல் ரூம்ல போயி உக்காராதீங்க, முதல்ல செல் வரிசைய ஒரு நடை நடந்துட்டு வாங்க. செல்லுன்னா அரைச்ச தாதுவ தண்ணியில கலக்கி, காத்து ஊதி, வேண்டிய தாதுத் தூள நுரையோட மேல எடுக்குற தொட்டி. நான் சொல்றது ஈயம்-துத்தநாகம் எடுக்குற பிளாண்ட்டுல, ப்ளோயர் காத்துல ஓடுற டேங்க் செல்லுக்கு. காப்பருக்கும் கிராஃபைட்டுக்கும் மருந்து மாறும், பாக்குற முறை ஏறக்குறைய இதேதான்.

கடைசி செல்லுல இருந்து ஆரம்பிங்க. லெட் சர்க்யூட்ல, அதாவது ஈயம் எடுக்குற வரிசையில, முதல் செல் நுரை கருஞ்சாம்பலா பளபளன்னு வரும், கடைசிக்குப் போகப் போக வெளுத்துத் தண்ணியா ஆயிடணும், அங்கயும் பளபளன்னு இருந்தா ஈயம் டெய்லிங்ல (கடைசியில வெளிய போற கழிவுச் சேறு) போயிட்டு இருக்குன்னு அர்த்தம். சந்தேகமா இருந்தா டெய்லிங் கொஞ்சம் தட்டுல புடிச்சு, தண்ணி விட்டு அலசி மெதுவா சாய்ச்சுப் பாருங்க, கலீனா (ஈயத் தாது) கனம், அடியில தங்கி ஓரமா கருப்பு கோடு மாதிரி நிக்கும். லேப் ரிசல்ட் வர்றதுக்குள்ள இதுவே பாதி பதில் சொல்லிடும்.

அடுத்தது செல்லுக்குள்ள சேறு நிக்குற லெவல். ஒரு நைட் ஷிப்ட்ல ஸ்கிரீன்ல லெவல் கோடு ஆடாம அசையாம நேரா போயிட்டு இருந்துச்சு, நல்லா ஓடுதுன்னு நானும் இருந்துட்டேன், நேர்ல போயி பாத்தா லெவல் அளக்குற மிதவையோட கம்பியில சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போயி மிதவையே அசையல, நுரைக்குப் பதிலா சேறு லாண்டர்ல (நுரை வழிஞ்சு ஓடுற வாய்க்கால்) கொட்டிட்டு இருந்துச்சு. அன்னைல இருந்து ஒவ்வொரு ரவுண்ட்ஸ்லயும் மிதவைய கையால லேசா அமுக்கி விட்டு திரும்பி வருதான்னு பாக்குறேன். ஓடுற செல்லுல லெவல் கொஞ்சமாச்சும் ஆடும், அதனால ஆடவே ஆடாத கோட்ட நம்பாதீங்க.

மோட்டார் ஆம்ப்ஸ பக்கத்து செல்லோட ஒப்பிடுங்க. காத்து குறைஞ்சாலும் அடியில மணல் படிஞ்சாலும் ஏறும், இம்பெல்லர் (செல்லுக்குள்ள சுத்துற கலக்கி) தேஞ்சா நாள் போகப் போக இறங்கும். பெல்ட் கீச்சுன்னு கத்துதா, ரப்பர் கருகுற வாடை வருதா, பேரிங் சூடு எப்படி, இதெல்லாம் நடக்குறப்பவே தெரிஞ்சிடும், ஆனா பெல்ட்ட மூடியிருக்குற கார்டுக்குள்ள மட்டும் கைய விட்டுடாதீங்க.

ஸாந்தேட் (தாதுத் தூள காத்துக் குமிழியில ஒட்ட வைக்கிற மருந்து), ஃப்ரோதர் (நுரை கிளப்புற மருந்து) ரெண்டோட டோசிங் பம்ப் ஓடுதுன்னு ஸ்கிரீன் காட்டும், லைன் அடைச்சிருந்தாலும் அப்படியேதான் காட்டும். அளவு சிலிண்டர வச்சு 1 நிமிஷம் புடிச்சுப் பாத்துருங்க. பிஹெச் எலக்ட்ரோட்லயும் சுண்ணாம்பு ஒட்டும், அத லேப்புக்குக் கொண்டு போயி நீர்த்த ஆசிட்ல கழுவி நல்லா அலசிட்டு, பஃபர் (பிஹெச் தெரிஞ்ச கரைசல்) 7லயும் 10லயும் செட் பண்ணுங்க. ஜிங்க் ஈய நுரையில ஏறாம அமுக்க சயனைடு போடுற பிளாண்ட்டா இருந்தா செல் பக்கத்துல ஆசிட்டே வரக்கூடாது, ரெண்டும் சேந்தா வர்ற விஷவாயு ஆளையே கொன்னுடும், இதுல விளையாட்டே வேணாம்.

கரண்ட் போனா முதல் வேலை காத்து வால்வ மூடுறது, இல்லன்னா சேறு ஷாஃப்டுக்குள்ள ஏறி காத்து வழிய அடைச்சிடும். ரொம்ப நேரம் நின்ன செல்ல அப்படியே ஸ்டார்ட் பண்ணாதீங்க, மணல் இறுகியிருக்கும், ட்ரெயின் தொறந்து ஹோஸ் அடிச்சு இளக்குங்க.

ஷட்டவுன்ல செல்லுக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி பவர ஆஃப் பண்ணி உங்க பூட்ட நீங்களே போட்டு சாவிய உங்க பையில வச்சுக்கணும், உள்ள காத்து சரியா இருக்கான்னு கேஸ் மீட்டர்ல பாத்து, வெளிய ஒரு ஆள நிறுத்திட்டுதான் இறங்கணும். இம்பெல்லருக்கும் அத சுத்தி அசையாம நிக்குற ஸ்டேட்டருக்கும் உள்ள இடைவெளிய நாலு பக்கமும் அளந்து செல் நம்பரோட எழுதி வையுங்க, போன தடவை அளவும் பக்கத்துல இருந்தாதான் எந்த பக்கம் வேகமா தேயுதுன்னு புடிக்க முடியும்.