விண்வெளிப் படம் பார்த்த சூடு ஆறுவதற்குள்

நிஜத்துக்கு நெருக்கமாக எடுத்த விண்வெளிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தியேட்டரை விட்டு வரும்போது எல்லாருமே விண்வெளி ஆராய்ச்சிக்கு ஆதரவாளர்கள்தான். எம்ஆர்டி ரயிலில் ஏறி இரண்டு ஸ்டேஷன் தாண்டினால் பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும். போன ஜூன் விடுமுறையில் அக்கா பிள்ளைகள் இருவரையும் வைத்துக்கொண்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் என்ன செய்யலாம் என்று பார்த்தேன். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் சரியாக வந்ததையும் சொதப்பியதையும் எழுதுகிறேன், உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்.

முதலில் ஒன்று. படம் ஆர்வத்தைக் கொடுக்கும், ஆதரவு தானாக வராது. 2015 அக்டோபரில், செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையான 'த மார்ஷியன்' படம் வந்தது. அந்த டிசம்பரில் நாசா விண்வெளி வீரர் வேலைக்கு ஆள் கேட்க, 18,300 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதற்கு முந்தைய சாதனை 1978இல் வந்த சுமார் 8,000. படம்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், அந்தச் சமயத்தில் நாசாவே செவ்வாய், செவ்வாய் என்று சமூக ஊடகத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அதோடு, வேலைக்கு மனுப் போடுவது வேறு, வரிப்பணத்தை இதற்குச் செலவழிக்கலாம் என்று தலையாட்டுவது வேறு.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது லேசர் சண்டை இல்லாத, ஆட்கள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிற படமாகப் பாருங்கள். பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வு 1995இல் வந்த 'அப்போலோ 13'. நிலவுக்குப் போகும் வழியில் கலத்தில் வெடிப்பு ஏற்பட்டு, மூன்று வீரர்கள் தப்பித் திரும்பியது 1970 ஏப்ரலில் நிஜமாக நடந்த கதை, எடை இல்லாமல் மிதக்கும் காட்சிகளில் பலவற்றை, மேலே ஏறி சர்ரென்று இறங்கும் நாசா விமானத்துக்குள்ளேயே எடுத்தார்கள். ஒரு தடவை இறங்கினால் கிடைப்பது 25 வினாடிக்கும் குறைவு, அதற்குள் வசனத்தைப் பேசி முடிக்கவேண்டும்.

படம் ஓடும்போது திருத்தாதீர்கள், தயவுசெய்து. ஒவ்வொரு காட்சிக்கும் "இது நடக்காது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் மச்சான் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார், அவர் கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். படம் முடிந்ததும் அந்தத் தாள்தான் பொக்கிஷம். 'மார்ஷியன்' தொடங்குவதே பெரும் புயலில், ஆனால் செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, என்ன வேகத்தில் அடித்தாலும் ராக்கெட்டைச் சாய்க்காது. 'கிராவிட்டி' படத்தில், பூமியைச் சுற்றும் ஹபிள் தொலைநோக்கியிலிருந்து அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு மிதந்தே போகிறார்கள். நிஜத்தில் இரண்டுக்கும் உயரமும் வேறு, சுற்றுப்பாதையின் சாய்வும் வேறு, ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்கி ரயில் மாறுகிற கதையில்லை. தப்பு கண்டுபிடித்த பிள்ளைக்கு, "அப்ப உண்மையில எப்படி?" என்ற கேள்வி தானாக வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து, கையால் ஏதாவது செய்யவேண்டும். அப்போலோ 13இல் வெடிப்புக்குப் பிறகு மூன்று பேரும் நிலவில் இறங்கும் கலத்துக்குள் ஒதுங்கினார்கள், அது இரண்டு பேருக்காகக் கட்டியது. மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் போதவில்லை. தாய்க்கலத்தில் நிறைய இருந்தன, ஆனால் அவை சதுரம், இங்கே துளை வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, டேப், விண்வெளி உடையின் காற்றுக்குழாய், இவற்றை வைத்தே பொருத்தினார்கள். நான் ஒரு டிஷ்யூ பெட்டி, மைலோ டின், இரண்டு பிளாஸ்டிக் பை, காலண்டர் அட்டை, ஒரு டேப், ஒற்றைக் காலுறை எல்லாவற்றையும் தரையில் கொட்டி, "காற்று வெளியே கசியாமல் பெட்டியை டின்னோடு சேருங்கள், அரைமணி நேரம்" என்றேன். பெரியவள் பையை நேராகப் பெட்டியில் மாட்டினாள், காற்றை உறிஞ்சியதும் பை சுருங்கி வாயை அடைத்துக்கொண்டது. சின்னவன்தான் அட்டையை வளைத்து உள்ளே கூடாரம் மாதிரி நிறுத்தினான். அப்போலோ 13இல் அட்டைக்கு என்ன வேலை என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அதே படத்தில் இன்னொரு காட்சியையும் காட்டுங்கள். வீரர்கள் கலத்துக்குள்ளிருந்து நேரலையாகப் பேசுகிறார்கள், எந்தத் தொலைக்காட்சியும் ஒளிபரப்பவில்லை. அது நிஜம். முதல் மனிதன் நிலவில் கால் வைத்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. 1966இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நாசாவின் பங்கு 4 சதவீதத்துக்கு மேல், இன்று அரை சதவீதம்கூட இல்லை. அலுப்பு எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

படம் பார்த்த அதே வாரத்தில் நிஜமான ஒன்றைக் கண்ணால் காட்டிவிடுங்கள். சுலபமானது விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. நாசாவின் 'ஸ்பாட் த ஸ்டேஷன்' செயலியில் சிங்கப்பூருக்கான நேரங்கள் கிடைக்கும். இங்கே பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு ஏழரை, எட்டு மணிவாக்கில், இல்லாவிட்டால் விடியுமுன் தெரியும். அடிவானத்திலிருந்து 40 டிகிரிக்கு மேல் ஏறும் நாளாகப் பொறுக்குங்கள், அதற்குக் கீழே என்றால் எதிர் புளோக் மறைத்துவிடும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் நல்ல இடம். சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டினால் அது சாங்கிக்குப் போகும் விமானம். இது சிமிட்டாது, வெள்ளையாகச் சீராக நகரும், சில சமயம் நடுவானத்திலேயே பூமியின் நிழலுக்குள் போய்ப் பொசுக்கென்று அணைந்துவிடும்.

நாங்கள் போன முதல் நாள் மேகம், ஒன்றும் தெரியவில்லை, சின்னவன் அழாத குறை. இரண்டாம் நாள் நான்கு நிமிடம் முழுசாகத் தெரிந்தது. "மாமா, இப்ப உள்ள ஆள் இருக்காங்களா?" என்றான். இருக்கிறார்கள் என்றதும் கையை ஆட்டினான். இதற்குப் பிறகு தொலைநோக்கி வேண்டுமென்றால் அறிவியல் நிலையத்தின் வானாய்வகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலைகளில் திறப்பது வழக்கம், கிளம்புமுன் இணையத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைசியில் வீட்டுப் பெரியவர் கேட்பார்: "சோத்துக்கு வழியில்லாதவன் இருக்கும்போது ராக்கெட் எதுக்கு?" சிரித்து மழுப்பாதீர்கள், நியாயமான கேள்வி. செவ்வாய்க்கு இந்தியா அனுப்பிய மங்கள்யானுக்கு ஆன 450 கோடி ரூபாய் ஒரு ஹாலிவுட் படச் செலவைவிடக் குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அது பதில் இல்லை, "அப்ப படமும் எடுக்க வேண்டாம்" என்று அவர் முடித்துவிடுவார். என் பெரியப்பாவிடம் நான் மேகத்தைக் காட்டினேன். அன்றைக்கு எங்கள் கண்ணை மறைத்த அதே மேகத்தை ஊடுருவி, ராத்திரியிலும் படம் எடுக்கும் ரேடார் உள்ள சிங்கப்பூர் செயற்கைக்கோள் ஒன்று இருக்கிறது, பெயர் டிஎஸ்-சார், 2023 ஜூலை 30 அன்று ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. இங்கே வருஷம் முழுக்க மேகம், சாதாரணக் கேமராவை வைத்து எவ்வளவுதான் பார்ப்பது? அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். "நம்ம மெட்ராஸ் பக்கத்திலிருந்தா போச்சு?" என்று கேட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

அப்புறம், அடுத்த ஏவுதல் நேரலையில் வரும்போது அவரையும் கூப்பிடுங்கள். இந்திய நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும், இந்தியாவின் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலை 6:04 இங்கே இரவு 8:34. நேரலை என்றால் தள்ளிப்போகவும் கூடும், ஆகவே முறுக்கு டப்பாவை முதலிலேயே திறந்துவிடாதீர்கள்.