வகுப்பு நூலகத்தில் பிள்ளைகளே புத்தகம் தேர்ந்தெடுக்க

ஸ்டேப்ளர் பின் அடித்த 16 பக்கப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கினால் எது எதுவென்றே தெரியாது. பிள்ளைகள் மேலே கிடப்பதைத்தான் எடுப்பார்கள். அவர்கள் கண் உயரத்தில் கயிறு கட்டி, அட்டை முன்னால் தெரியும்படி துணி கிளிப்பில் மாட்டுங்கள். ஒரு நேரத்தில் 20 புத்தகம் போதும். ஆறு ஆறு பேராக அனுப்பினால் தள்ளுமுள்ளு இருக்காது.

எடுத்ததும் நடுவில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்க வேண்டும். ஒன்றிரண்டு என்றால் சரி. ஐந்தும் மடங்கினால் இப்போதைக்குக் கடினம். முதல் இரண்டு வகுப்புக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பக்கத்துக்குப் பத்துச் சொல்தான் இருக்கும், அதில் இரண்டு புரியாவிட்டாலே கதை நழுவிவிடும். 'ஓடிக்கொண்டிருந்தபோது' போன்ற நீளச் சொல்லில் திக்குவதை எண்ணாதீர்கள். பிரித்துப் படித்தால் புரிந்துவிடும்.

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகள் சிலர் சரளமாக வாசிப்பார்கள், பொருள் பிடிபட்டிருக்காது. அவர்களிடம் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்க நூல்களில் உள்ள நுழை, நட, ஓடு, பற என்ற வாசிப்பு நிலைகள் ஆசிரியர்களான நமக்கு உதவத்தான். "நீ இன்னும் 'நட'தான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லவே கூடாது. கடினமானதையே கேட்டு அடம்பிடித்தால் கொடுங்கள், படமாவது பார்க்கட்டும். கூடவே எளிதான ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். பிடிக்காவிட்டால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.