பதினேழாவது துண்டு

இணையத்தில் நான் பதிவு செய்ய முயன்ற உலகம் சுற்றும் டிக்கெட்டில் 16 விமானங்கள், அதிகபட்ச வரம்பும் 16தான். ஆனாலும் 'பயணத்திட்டம் செல்லாது' என்றே வந்தது. மூன்று நாள் போயிற்று.

முதலில் தேதிகளை மாற்றினேன். பிறகு டோக்கியோ–லாஸ் ஏஞ்சல்ஸ் மேல் சந்தேகம்: தேதிக்கோட்டைத் தாண்டுவதால் கிளம்பிய நேரத்துக்கு முன்பே இறங்குவதாகக் காட்டும், பார்த்தால் பிழை போலவே இருக்கும். அது சரியான நேரம்தான். உலாவியை மாற்றியதும் வீண்.

திட்டத்தை அச்சிட்டபோதுதான் பாரிஸுக்கும் லண்டனுக்கும் நடுவே 'ஏஆர்என்கே' (ARNK) என்ற வரி கண்ணில் பட்டது; விமானமில்லாத தரைவழிப் பயணத்தைக் குறிக்கும் குறியீடு அது. அந்த இடைவெளியை ரயிலில் போக வைத்திருந்தேன். டிக்கெட் விதிப்படி இப்படித் தரைவழியாகப் போகும் துண்டும் 16 என்ற வரம்புக் கணக்கில் சேரும். ஆக மொத்தம் 17.

சிட்னி–மெல்போர்ன் போகவர இரண்டையும் நீக்கித் தனியாக வாங்கினேன். 15 ஆனதும் உடனே ஏற்றுக்கொண்டது. அப்பாடா!