முதல் மாதம் கவனம்: ஒன்ராறியோவில் வேலைக்குப் போகும் புதியவர்களுக்கு

சின் நம்பர் (கனடாவில் வேலை செய்யத் தேவையான சமூகக் காப்புறுதி இலக்கம்) கைக்கு வந்த கிழமையே பலர் வேலை ஏஜென்சி வாசலில் நிற்கிறார்கள். வாடகை, ஊர்க்கடன், பிள்ளைகளின் செலவு எதுவும் பொறுத்திருக்காது. மறுநாள் விடியமுன் ஒரு வான் வந்து ஏற்றிக்கொண்டுபோய் பிரம்ரன் பக்கம் ஏதோவொரு வெயர்ஹவுசில் இறக்கிவிடும். என்ன வேலை, என்ன மெஷின், யார் சூப்பர்வைசர் என்பதெல்லாம் உள்ளே போனபிறகுதான் தெரியும்.

அந்த முதல் நாட்கள்தான் ஆபத்தானவை. ரொறன்ரோவில் இருக்கும் 'இன்ஸ்டிடியூட் ஃபோர் வேர்க் அன்ட் ஹெல்த்' ஆய்வுகளின்படி, ஒரு வேலையின் முதல் மாதத்தில் காயப்படும் வாய்ப்பு, ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்பவரோடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்கும் அதிகம். ஊரில் இருபது வருடம் மெஷினோடு பழகியவருக்கும் இது பொருந்தும். இந்த மெஷின் அவருக்குப் புதிது.

2009ஆம் ஆண்டு நத்தார் தினத்துக்கு முந்திய நாள், ரொறன்ரோ கிப்ளிங் அவெனியூவில் ஒரு மாடிக் கட்டடத்தின் பால்கனிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாம் மாடி உயரத்தில், அவர்கள் நின்ற தொங்குதட்டு நடுவில் முறிந்தது. நான்கு பேர் இறந்தார்கள், எல்லோரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பாதுகாப்புக் கயிற்றை ஒழுங்காக மாட்டியிருந்தவர் தப்பினார். வேலையை நடத்திய மனேஜருக்கு மூன்றரை வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த மரணங்களுக்குப் பிறகு நடந்த ஆராய்வின் பலனாகத்தான் 2014 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் எல்லாத் தொழிலாளருக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமானது. ஒரு மணித்தியாலத்துக்குள் இணையத்தில் இலவசமாகவே முடித்துவிடலாம். அந்தச் சான்றிதழைக் கவனமாக வைத்திருங்கள், அடுத்த வேலைக்கும் செல்லும். முதலாளி செய்யச் சொல்லும் பயிற்சி நேரத்துக்கும் சம்பளம் உண்டு.

ஆனால் அந்தச் சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக உங்கள் மெஷினில் பழகிவிட்டீர்கள் என்று ஆகாது. நீங்கள் தொடப்போகும் மெஷினையும், கையாளப்போகும் இரசாயனத்தையும் பற்றி அந்த இடத்திலேயே சொல்லித்தர வேண்டியது முதலாளியின் கடமை. "போர்க்லிப்ட் ஓடுவியா?" என்று கேட்டால், வேலை போய்விடும் என்ற பயத்தில் தலையாட்ட வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால் இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்குங்கள்: "ஐ ஆம் நொட் ட்ரெயின்ட் ஒன் திஸ். பிளீஸ் ஷோ மீ." (இதில் எனக்குப் பயிற்சி இல்லை, தயவுசெய்து காட்டித்தாருங்கள்.) இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கன்வேயர் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் அதிகம் நிற்பது அதன் பக்கத்தில்தான். பெட்டியொன்று இடையில் சிக்கிக்கொள்ளும். பின்னால் பெட்டிகள் குவியும், சூப்பர்வைசர் கத்துவார், கை தானாகவே உள்ளே போகும். அந்த நேரத்தில் கை போக வேண்டியது சிவப்பு நிறுத்தப் பொத்தானுக்கு. வேலைக்கு நின்றவுடனேயே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பொத்தானை அமத்தினாலும் கையை உள்ளே விட வேண்டாம், யாரும் பெல்ட்டைத் திரும்பப் போட்டுவிடலாம். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, திறப்பைத் தன் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு சிக்கலை எடுப்பதற்குப் பயிற்சி பெற்றவர் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள்.

உடுப்பும் அப்படியே. 2016 செப்டெம்பரில் ரொறன்ரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் ஏஜென்சி மூலம் வந்த 23 வயதுப் பெண்ணின் தலைமுக்காடு மெஷினில் சிக்கி அவர் இறந்தார். கம்பெனிக்கு மூன்று இலட்சம் டொலர் தண்டம் விழுந்தது. தாலிக்கொடி, காப்பு, மோதிரம், அவிழ்ந்த பின்னல், தொங்கும் சால்வை எல்லாம் அதே ஆபத்துத்தான். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராத அக்காமார் சட்டைக்குள் விட்டு மேலே பொத்தானைப் பூட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சுழலும் மெஷினுக்குப் பக்கத்தில் அதுவும் போதாது, வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். சப்பாத்து வாங்கும்போது பக்கவாட்டில் பச்சை முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். விரலுக்கு மேல் பாரம் விழுந்தாலும், அடியில் ஆணி ஏறினாலும் தாங்கும் என்பதற்கு அது அடையாளம்.

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று நியாயமாக நம்பினால் அந்த வேலையைச் செய்ய மறுக்கலாம். இது சட்டம் தந்த உரிமை. சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சூப்பர்வைசரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு, பாதுகாப்பான இடத்தில் அங்கேயே நில்லுங்கள். அவர் உங்கள் முன்னிலையில், தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க, விசாரிக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இதற்கென்றே ஒரு குழு இருக்கும், பெயர்கள் சுவரில் ஒட்டியிருக்கும். அப்படியும் சரிவராவிட்டால் தொழில் அமைச்சுக்கு அழைத்து அதிகாரியைக் கூப்பிடலாம்: 1-877-202-0008. மறுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவது சட்டவிரோதம். ஏஜென்சி அடுத்த நாள் கூப்பிடாமல் விட்டுவிடுமோ என்ற பயம் பொய்யான பயமில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள் என்பதை அன்றே போனில் எழுதி வைக்கச் சொல்கிறேன். பின்னால் முறைப்பாடு செய்ய அது உதவும்.

காயப்பட்டால்? சின்னக் காயமென்றாலும் உடனே சூப்பர்வைசரிடம் சொல்லி, குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவும், அன்றைய முழுச் சம்பளமும் முதலாளியுடையது. வைத்தியரிடம் "வேலையில் நடந்தது" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். "வீட்டில் விழுந்தேன் என்று சொல், காசு நாங்கள் தருகிறோம்" என்று யாரும் சொன்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதுகுவலி ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது அந்தக் காசு தந்தவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

தொழிற்சாலை, வெயர்ஹவுஸ், கட்டட வேலை, உணவகம் போன்ற பெரும்பாலான இடங்கள் டபிள்யூ.எஸ்.ஐ.பி (வேலையில் காயப்படுபவர்களுக்கான ஒன்ராறியோவின் காப்புறுதிச் சபை) காப்புறுதிக்குள் வரும். அதற்கு முதலாளிதான் பணம் கட்டுகிறார், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிழை யாருடையது என்று பார்ப்பதில்லை. வேலைக்குப் போக முடியாமல் இழக்கும், வரி போக மிஞ்சும் சம்பளத்தில் 85 சதவீதம் கிடைக்கும். படிக்க வந்தவர், வேர்க் பெர்மிட்டில் இருப்பவர், அகதிக் கோரிக்கையாளர் எல்லோரும் விண்ணப்பிக்கலாம். இந்தக் காப்புறுதியைப் பொறுத்தவரை ஏஜென்சி ஊழியருக்கு ஏஜென்சிதான் முதலாளி. காயத்தைப் பற்றித் தொழிலாளி நிரப்பும் படிவம் 6ஐ ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். 1-800-387-0750க்கு அழைத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக இணைப்பில் எடுப்பார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், யூனியன் இல்லாதவர்களுக்கு 'ஒபிஸ் ஒஃப் த வேர்க்கர் அட்வைசர்' என்ற தொழிலாளர் ஆலோசனை அலுவலகம் கட்டணமின்றி உதவுகிறது. நிராகரிப்புக் கடிதத்தில் மேன்முறையீட்டுக்கான கடைசித் திகதி இருக்கும், அதற்கு முன்பே அவர்களோடு பேசிவிடுங்கள்.